ஒரு துளி மை

செஷெக்கே ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு
ஒரே ஜன்னல்.
வெளியே ஜாம்பெசி,
அக்கரையில் நமீபியாவின் லாரி விளக்குகள்.

முபிட்டாவின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர்
தெளிவாகத்தான் இருக்கிறது,
குடித்துவிடலாம் போல.
இந்தத் தெளிவை நம்பி
முன்பு ஏமாந்திருக்கிறேன்.

கண்ணாடிச் சில்லில் அதில் ஒரு துளி.
பக்கத்தில் ஒரு துளி மை.
இந்திய மை என்று புட்டியில் போட்டிருக்கிறது.
எதை எழுதக் காய்ச்சினார்களோ,
எனக்கு அது இரவு.

லென்ஸைத் திருகுகிறேன்.
இரவு முழுக்க நிலாக்கள்.
மாதா கோயில் படங்களில்
புனிதர் தலைக்குப் பின்னால் இருக்குமே,
அப்படி ஒளிவட்டம் ஒவ்வொன்றுக்கும்.
சில, விளிம்பில் குட்டி நிலா
ஈன்றுகொண்டிருக்கின்றன.
அழகு.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

புதிதாக வந்த பூஞ்சை இல்லை இது.
மொபானே மரப்பட்டையின் இடுக்கில் கிடந்தது.
இருபது வருடம் மொபானே வெட்டினான் முபிட்டா.
கோடாரி விழுந்த போதெல்லாம் தூள் பறந்தது,
மூச்சோடு கொஞ்சம் உள்ளே போனது.
விறகு சுமந்த சிபெசோவுக்குள்ளும் போயிருக்கும்,
அதே காற்றில் வளர்ந்த எனக்குள்ளும்.
நுரையீரல் மூலையில் உட்காரவைத்து
சுற்றி வேலி கட்டிவிட்டது உடம்பு.
வழக்கு இல்லை, வம்பு இல்லை.

வேலி கட்ட ஆள் கூப்பிட
ரத்தத்தில் ஓர் அணு உண்டு.
பதிவேட்டில் சிடி ஃபோர் என்று பெயர்.
அது யாரையும் கொல்லாது.
கூவும்.
இங்கே, இந்த மூலையில், சீக்கிரம் வாருங்கள்!
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

எச்.ஐ.வி. தட்டியது
அந்தக் கதவைத்தான்.
உள்ளே போய், கூவுகிற தொண்டையிலேயே குடியேறி,
தன் பெயரைத் தவிர வேறெதையும் கூவாதபடி
ஆக்கியது,
தொண்டை கிழியும்வரை.
பிறகு அடுத்த வீடு.
முபிட்டாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை.
தோணி ஓட்டினான்.
தங்கை கல்யாணத்தில் விடிய விடிய ஆடினான்.

கடுகளவு ரத்தத்தில் எத்தனை என்று எண்ணுவது என் வேலை.
ஆயிரம் இருந்திருக்கும், அப்போது யாரும் எண்ணவில்லை.
நானூற்றுப் பத்து, என் கையெழுத்தில்.
மாத்திரை கொடுத்தார்கள், தின்றான்,
தேறினான்.
கத்திமாவுக்கு மூட்டை தூக்கப் போனான்.
"உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று
அக்கரையில் எங்கோ நிறுத்திவிட்டான்.
நூற்று இருபது.
போன செவ்வாய், பத்தொன்பது.

பத்தொன்பதை இரண்டு தரம் எண்ணினேன்.

பிறந்த நாளிலிருந்து நாக்கில் இருந்ததுதான்
தயிராடை போல வாயெல்லாம் படர்ந்தது.
ஏழு வயதில் வந்த அம்மை
நரம்புக்குள் தூங்கிக் கிடந்தது;
எழுந்து விலாவைச் சுற்றி அக்கியாய் எரிந்தது.
இருக்க இடம் கொடுத்ததற்கு
படுக்கப் பாய் கேட்டன எல்லாம்.
மரத்தூளில் வந்தது மட்டும்
பாய் கேட்கவில்லை,
நேரே தலைக்கு ஏறியது.

"கோடாரி இப்போ உள்ளேயிருந்து வெட்டுது"
என்றானாம் டாக்டர் லிக்காண்டோவிடம்.
ஊசி போட்டு நீரை இறக்கியதும்
சுவர்க் கடிகாரம் ஒன்றாகத் தெரிந்தது,
அதுவரை இரண்டாக இருந்ததாம்.

சிபெசோ என் கதவில் வந்து நிற்கிறாள்.
"அந்தப் பழைய மாத்திரையை
இன்னிக்கே ஆரம்பிச்சா என்ன?"
நாலைந்து வாரம் பொறுக்கணும் என்கிறேன்,
முதலில் பூஞ்சை அடங்கணும்.
அவள் முகம் சுருங்குகிறது.
எப்படிச் சொல்வது?
இத்தனை நாள் ஊமையாகக் கிடந்தவை
ஒரே இரவில் தொண்டை திறந்து கூவினால்
ஊரே ஓடிவரும்,
மண்டையோடு சின்ன வீடு,
உதவிக்கு வந்த கூட்டமே சுவரை இடித்துவிடும்.

கூவுங்கள், ஆனால் இப்போது வேண்டாம் என்று
அந்தப் பத்தொன்பது பேரிடம்
யாராவது சொல்லவேண்டும்.

இன்று பதினோராம் நாள்.
மை இன்னும் என் நகக்கண்ணில்.
நிலாக்கள் குறைந்திருக்கின்றன, போகவில்லை.
காலையில் புளித்த பால் கேட்டானாம்.
சர்க்கரை போட்டு.